வினிகர் வாடை வந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள்

விலைக்கு வந்த பழைய மோட்டார்ஹோம் ஒன்றை, அதாவது உள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் வண்டியை, பார்க்கப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் லேசாக வினிகர் வாடை வந்தது. நாங்கள் வருகிறோம் என்று துடைத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார் என நினைத்து, அதை விற்றவர் மேல் எனக்கு மரியாதைகூட உண்டானது. சாதாரண சிலிக்கான் பசை உலரும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறும், வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான் என்ற விவரம் மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. நாங்கள் போவதற்கு முந்தைய நாளோ அன்று காலையிலோ, ஒழுகும் இடங்களிலெல்லாம் யாரோ குழாய் குழாயாகச் சிலிக்கானைப் பிதுக்கி அடைத்திருக்கிறார்கள்.

பழைய மோட்டார்ஹோம் வாங்கும் ஆசையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் விற்றவர், மற்றவர் பழுது பார்த்தவர். பெயர்கள் இங்கே வேண்டாம். அவர்கள் செய்த விதம் தெரிந்தால் போதும். அதையே செய்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

வண்டி 1978-ஆம் ஆண்டு தயாரிப்பு. ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, இரண்டுக்கும் நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சு. அந்தக் காலத்து வண்டிகளில் மிகப் பல இப்படிக் கட்டப்பட்டவைதான். (1973 முதல் 1978 வரை வந்த அமெரிக்க ஜிஎம்சி நிறுவனத்தின் மோட்டார்ஹோம் இதற்கு விலக்கு. அதன் உடற்சட்டம் அலுமினியம். அரை நூற்றாண்டு ஆகியும் அதைத் தேடி அலைபவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

துணைக்கு ஆள் இல்லாமல் நான் போகவில்லை. லாரி மெக்கானிக்காக வாழ்நாளைக் கழித்த நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் ஆயில் கோலை உருவிப் பார்த்தார், கார்புரேட்டரை முகர்ந்தார், அடியில் படுத்துத் துருவைச் சுரண்டினார். “இஞ்சின் தங்கம்” என்றார். அவர் சொன்னது பொய்யாகவில்லை, அந்த இஞ்சின் இன்றும் ஓடுகிறது. மோட்டார்ஹோம் என்பது முதுகில் வீட்டைச் சுமக்கும் லாரி. லாரியைச் சோதிக்க ஆள் கூட்டிப்போன நான், வீட்டைச் சோதிக்க யாரையும் கூட்டிப்போகவில்லை.

விற்றவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரமும் எங்களை இஞ்சினைச் சுற்றியே நிற்க வைத்தார். நாங்கள் போவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கியும் வைத்திருந்தார். குளிர்ந்த இஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும் என நண்பர் முணுமுணுத்தார், நான்தான் பேச்சை மாற்றினேன். மீட்டர் 41,000 சொச்சம் காட்டியது. அது ஐந்து இலக்க மீட்டர். 99,999-ஐத் தாண்டினால் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். எத்தனை முறை சுற்றியதோ, அந்த வண்டிக்குத்தான் தெரியும்.

உள்ளே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, தண்ணீர் பம்ப் உறுமியது. ஒரு தடித்த ஒயர் பின்பக்கமாகப் போய் வீட்டு மின்சாரத்தில் செருகியிருந்ததை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒயரைப் பிடுங்கியிருந்தால் அத்தனையும் அணைந்திருக்கும். வீட்டுப் பகுதிக்கான பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்தது. நிரம்பிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பிறகு அளந்தபோது அது 8-ஐக்கூட எட்டவில்லை.

என் மனைவி ஒருத்திதான் சரியான இடத்தில் கால் வைத்தாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று, “இங்கே தரை அமுங்குகிறது” என்றாள். “கீழே மெத்தை வைத்த கார்ப்பெட் மேடம், அப்படித்தான் இருக்கும்” என்றார் விற்றவர். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டில் இந்தச் சிரிப்பு இன்றுவரை பேசப்படுகிறது.

வண்டியை வாங்கிய மூன்றாவது வாரம் மழை பெய்தது. இரவு முழுக்க நிதானமாகப் பெய்த மழை. காலையில் போய்ப் பார்த்தால், முன்படுக்கையின் மேலிருந்த விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தில் பாதி அளவுக்குத் தேநீர் நிறத்தில் தண்ணீர் நின்றது. கூரைக்கு ஒட்டியிருந்த வெள்ளைப் பலகை புத்தம் புதியது. வாங்கும்போது அதைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். ஓரத்தில் கத்தியை நுழைத்து நெம்பினேன். பலகை வந்தது, அதன் பின்னாலேயே கருப்பாக ஏதோ சொதசொதவென்று மெத்தைமேல் விழுந்தது. மரச்சட்டம்தான் அது. கையில் எடுத்துப் பிசைந்தால் ஈரமான புகையிலை மாதிரி நார் நாராகப் பிரிந்தது. மூலையில் சட்டமே இல்லை. அலுமினியத் தகடும் நான்கைந்து திருகும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மரம் இருப்பது போல நடித்துக்கொண்டிருந்தன.

கூரையில் ஏறிப் பார்த்தேன். எல்லா இணைப்பிலும் சிலிக்கான். பல வருடச் சிலிக்கான்கள், மஞ்சள்மேல் சாம்பல், சாம்பல்மேல் வெள்ளை என்று அடுக்கடுக்காக. உலர்ந்த பழைய சிலிக்கானின் மேல் எதுவுமே சரியாக ஒட்டாது, புதிய சிலிக்கானும் ஒட்டாது. வண்டி அசைய அசைய ஓரம் பிரிந்துவிடும். இந்த வேலைக்கு வேண்டியது தகடுகளுக்கு நடுவே பியூட்டைல் நாடா என்ற ஒட்டும் ரப்பர் பட்டை, மேலே அதற்கென்று உள்ள கூரை சீலன்ட், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை. கூரையில் சிலிக்கான் கண்ணில் பட்டால், அங்கே ஒழுக்கும் இருந்திருக்கிறது, அதை அவசரத்தில் மூடியவரும் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் நுழையும் இடமும் கெடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்பது இன்னொரு கொடுமை. கூரை மூலையிலோ, ஓரத்தில் இருக்கும் சின்னச் சிவப்பு விளக்கின் திருகு ஓட்டையிலோ உள்ளே போகும். பஞ்சுக்குள் இறங்கி, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, கடைசியில் தரைச் சட்டத்தில் வந்து தேங்கும். வெளியேற வழியில்லை, காற்றும் இல்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சைக்கு அது போதும். என் மனைவியின் காலடியில் அமுங்கியதும் இதுதான். ஈரமானி என்ற கருவி கைப்பேசி அளவுக்குத்தான் இருக்கும், இரண்டு ஊசியை மரத்தில் அழுத்தினால் எண் காட்டும். அதையும் ஒரு குத்தூசியையும் எடுத்துப்போயிருந்தால் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

டயர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இரட்டைச் சக்கரம். வெளிப்பக்க டயர்கள் நான்கு இலக்க எண்ணோடு நல்ல நிலையில் இருந்தன. முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். உள்பக்க டயர்களின் எண் வெளியிலிருந்து தெரியாது. அடியில் நுழைந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது 348 என்று மூன்றே இலக்கம். மூன்று இலக்கம் என்றால் 2000-க்கு முன்பு செய்தது என்று பொருள். பள்ளம் ஆழமாகவே இருந்தது, பக்கச்சுவர் மட்டும் வறண்ட ஏரி போல வெடித்திருந்தது. மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து சாவதைவிட நின்ற இடத்திலேயே வயதாகிச் சாவதுதான் அதிகம். நெடுஞ்சாலையில் அதோடு இரண்டு முறை போய்வந்திருக்கிறோம். நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் கோபப்படவில்லை, வருந்தவும் இல்லை. “நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் மூன்றாவது வரியைப் படியுங்கள் சார்” என்றார். உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தது. கூரைப் பலகையை மாற்றியவருக்கு அதன் பின்னால் என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்திருக்குமா? கேட்டேன். “நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது” என்று வைத்துவிட்டார். ஒழுகல் பற்றி முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கியிருந்தால் வாதாட ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் கேட்டதெல்லாம் இஞ்சினைப் பற்றி.

அடுத்தது பட்டறை. பழைய மோட்டார்ஹோம் சட்டம் மாற்றித் தருவோம் என்றார்கள், முடித்த வேலைகளின் படங்களைக் காட்டினார்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேட்டேன். “பிரித்துப் பார்க்காமல் எப்படிச் சார் எழுதுவது?” என்றார் பட்டறைக்காரர். அந்தப் பதிலில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரித்த பிறகும் எழுதவில்லை. மரத்துக்கென்று முன்பணம், அலுமினியத்துக்கென்று இன்னொரு முன்பணம். மூன்று மாதம் என்றது பதினோரு மாதமானது. நடுவில் ஒரு முறை, வேலை நடக்கிறது என்று படம் அனுப்பினார்கள். புதிய மரச்சட்டம், நேர்த்தியான வேலை. மனைவிதான் ஜன்னலைக் காட்டினாள். படத்தில் இருந்த ஜன்னலின் மூலைகள் வளைந்திருந்தன, எங்கள் வண்டியின் ஜன்னல்களுக்குச் சதுர மூலை. கேட்டதற்கு, உதவியாளர் படத்தை மாற்றி அனுப்பிவிட்டார் என்றார்கள். அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். கொடுத்த முன்பணத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு துணி மாட்டும் கொக்கியைச் சுவரில் பொருத்தப் போனேன். திருகு உள்ளே போனது, இறுகவில்லை. சுற்றச் சுற்றச் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஓட்டை போட்டேன், அங்கேயும் அதே கதை. சட்டம் இருக்க வேண்டிய இடம் அது. பலகையைக் கழற்றினேன். பழைய உளுத்த மரம் அப்படியே இருந்தது, மேலே ஒரு கை வார்னிஷ், அதன்மேல் புதுப் பிளைவுட். எந்தத் தந்திரத்தால் விற்றவர் என்னை ஏமாற்றினாரோ, அதே தந்திரத்துக்கு நானே தவணை முறையில் பணம் கட்டியிருக்கிறேன். பழைய சட்டங்களை என்னிடம் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், திருப்பித் தர அவர்களிடம் எதுவும் இருந்திருக்காது.

இதுவரை சொன்னது பண நஷ்டம். அடுத்ததை நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

இப்படிப் பழைய மோட்டார்ஹோம்களில் இருக்கும் குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் வீட்டில் இருப்பது போன்றதில்லை. கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர் மூன்றையும் குழாய்க்குள் அடைத்து, கீழே கேஸ் சுடரால் சூடேற்றிக் குளிரை உண்டாக்கும் முறை அது. ஸ்வீடன் மாணவர்கள் இருவர் 1922-இல் உருவாக்கியது. வெப்பத்தால் குளிரூட்டுவது என்ற யோசனையை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அந்தச் சுடர் பெட்டியின் பின்னால் இரவும் பகலும் எரியும். அதன் புகை வெளிச்சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வெளியே போக வேண்டும், பெட்டிக்கும் நாம் தூங்கும் இடத்துக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். பட்டறையில் பெட்டியைக் கழற்றி மாட்டியவர்கள் அந்த அடைப்பை வைக்கவே இல்லை. கூரையில் இருந்த புகைப்போக்கியை, ஒழுகுகிறது என்று, சிலிக்கானால் பாதி மூடியிருந்தார்கள்.

பட்டறையிலிருந்து வந்த பிறகு போன முதல் பயணத்தின் முதல் இரவு, இரண்டரை மணிக்கு அலாரம் அலறியது. வண்டியோடு வந்த, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டறியும் அலாரம் காலாவதியானது என்று பார்த்து, கிளம்புவதற்கு முந்தைய நாள்தான் புதியது ஒன்றை மாட்டியிருந்தேன். பழையதே இருந்திருந்தால் அது சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனைவியை எழுப்பினேன், “தலை வலிக்கிறது, விடுங்கள்” என்று திரும்பிப் படுத்தாள். கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். குளிரில் வெறுங்காலோடு புல்லில் நின்றோம். எனக்கும் தலை வலித்தது. சோர்வு என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கேஸ் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினேன். செம்புக் குழாய் இருந்த இடத்தில் ரப்பர் குழாய் போட்டு, கிளிப்பால் இறுக்கியிருந்தார்கள். நுரை மெதுவாக ஒரு முட்டையாக உப்பி உடைந்தது, மறுபடி உப்பியது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதற்கான அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் அதைக் கூரையில் மாட்டியிருந்தார்கள். பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னபோது, “கீழே இருந்தால் கால் படும் சார்” என்றார்.

பட்டறைமேல் புகார் கொடுத்திருக்கிறேன். சோப்பு நுரையைப் படம் எடுத்தது அதில் உதவியது, வேறெதற்கும் என்னிடம் தாள் இல்லை. கேஸ் வேலையைத் தகுதிச் சான்று உள்ள ஒருவர் முழுக்கப் பிரித்து மறுபடி செய்து, அழுத்தச் சோதனை போட்டு, கையெழுத்திட்டுத் தந்தார். சட்டத்தை நானே மாற்றிக்கொண்டிருக்கிறேன். இடப்பக்கச் சுவர் முடிந்துவிட்டது. சிலிக்கானைச் சுரண்டி எடுக்கத்தான் நாள் போகிறது, ஒரு கை நீளத்துக்கு ஒரு பொழுது.

போன வாரம் அதே விற்பனையாளரின் புது விளம்பரம் கண்ணில் பட்டது. 1981-ஆம் ஆண்டு வண்டி. இஞ்சினுக்கு மட்டும் ஒன்பது படம். உள்ளே எடுத்தது ஒன்றே ஒன்று. மரப் பலகையெல்லாம் வெயிலில் வெளுத்துத் தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. முன்படுக்கைக்கு மேலே கூரை மட்டும் பளிச்சென்று வெள்ளை.