2880×1800 ஓலெட் திரை: சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி வாங்குவோர் பார்க்க வேண்டியவை

14 அங்குலத்தில் 2880×1800 புள்ளிகள் கொண்ட ஓலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரை, தமிழ் படிக்கவும் தட்டச்சு செய்யவும் மடிக்கணினியில் கிடைக்கும் மிக நல்ல திரைகளில் ஒன்று. அதே திரையைக் கதவு திறந்து கிடக்கும் கடையின் முன்மேசையில் வைத்தால், பாதி நாள் அது உட்கார்ந்திருப்பவர் முகத்தைத்தான் காட்டும். இரண்டும் உண்மை. உங்கள் வீட்டுக்கும் வேலைக்கும் இது ஒத்துவருமா என்பதைப் பெட்டியின் மேல் அச்சடித்த எண் சொல்லாது. திரையை நீங்கள் உட்காரும் தூரத்தில், உங்கள் வெளிச்சத்தில், உங்கள் எழுத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

இது ஒரே நிறுவனத்தின் சரக்கு அல்ல. அசுஸ் ஜென்புக் 14 ஓலெட், ஏசர் ஸ்விஃப்ட் கோ 14, ஹெச்பி பெவிலியன் பிளஸ் 14 ஆகியவற்றின் சில பதிப்புகளில் இதே அளவுத் திரை வருகிறது. அதே பெயரில் புள்ளி குறைந்த திரையுள்ள பெட்டிகளும் விற்பனைக்கு வருவதால், பெயரைக் கேட்டு வாங்கினால் போதாது. கடையிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் புள்ளிகளின் எண்ணிக்கையும் ஹெர்ட்ஸும் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண்) தெரியும். மாட்டி வைத்த விலைச்சீட்டைவிட அந்தப் பக்கத்தை நம்புங்கள்.

விற்பனைக்காக ஓடவிடும் காட்சிப்படத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கறுப்புப் பின்னணியில் வண்ண மீன் நீந்தினால் எந்த ஓலெட் திரையும் அழகாகத்தான் இருக்கும். ஓலெட்டில் பின்விளக்கு கிடையாது, கறுப்புப் புள்ளி முழுக்க அணைந்தே இருக்கும் என்பதால் அந்தப் படம் திரையின் பலத்தை மட்டுமே காட்டும். நாள் முழுக்க நாம் பார்ப்பதோ வெள்ளைப் பக்கமும் கறுப்பு எழுத்தும்தான்.

வேர்டைத் திறந்து, நிர்மலா யூஐ எழுத்துருவில் 8 பாயின்டில் 'எண்ணூறு', 'தண்ணீர்', 'மெய்ஞ்ஞானம்', 'ஸ்ரீ' என்று தட்டுங்கள். பழைய 15.6 அங்குல, 1366×768 திரையில் அங்குலத்துக்கு 100 புள்ளிதான். அங்கே 8 பாயின்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழாகக் கிடைப்பது ஏறக்குறைய 11 புள்ளி. அந்த 11 புள்ளிக்குள் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 'ணூ'வின் உள்வெற்றிடம் அடைபட்டுப்போகும், மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சாம்பல் கறையாக மட்டும் நிற்கும். 'கி'யா 'கீ'யா என்று கண் தடுமாறுவது அங்கேதான். 2880×1800 திரையில் அங்குலத்துக்கு 243 புள்ளி. 200 விழுக்காடு ஸ்கேலில் (எழுத்தையும் படத்தையும் விண்டோஸ் பெரிதாக்கிக் காட்டும் அளவு) அதே எழுத்துக்கு 21 புள்ளி கிடைக்கிறது. சுழிகள் தனித்தனியாகத் திறக்கின்றன, மேற்புள்ளி உருண்டையாகவே தெரிகிறது. ஆங்கில எழுத்து குறைந்த புள்ளியிலும் சமாளித்துக்கொள்ளும். தமிழ் எழுத்துக்கு வளைவும் சுழியும் அதிகம், அதனால் கூடுதல் புள்ளியின் பலன் நமக்குத்தான் கூடுதலாகத் தெரியும். தமிழ்ப்பள்ளிக்குக் கேள்வித்தாள் தட்டுபவரும் நாளிதழைப் பிடிஎஃப்பாகப் படிப்பவரும் இந்த ஒரு காரணத்துக்காகவே செலவு செய்யலாம்.

கண்ணின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல பார்வையுள்ளவர் 50 சென்டிமீட்டர் தூரத்தில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.145 மில்லிமீட்டர். இந்தத் திரையின் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 0.105 மில்லிமீட்டர். அதாவது மேசையில் வைத்துப் பார்க்கும்போது தனிப்புள்ளி கண்ணுக்கே தட்டுப்படாது. 35 சென்டிமீட்டர் வரை குனிந்தால்தான் எல்லைக்கு வரும். ஆகவே 14 அங்குலத்தில் இதற்கும் மேலே 4கே திரை என்று யாராவது காட்டினால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணுக்கு எட்டாத புள்ளிக்கு மின்கலம் வீணாகும்.

பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. புள்ளி கூடினால் திரையில் இடமும் கூடும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. 200 விழுக்காடு ஸ்கேலில் இந்தத் திரை 1440×900 அளவு இடத்தைத்தான் தருகிறது. எழுத்தின் உண்மையான உயரமும் பழைய பெட்டியைவிடக் குறைவு. 11 பாயின்ட் எழுத்து பழைய 15.6 அங்குலத் திரையில் 3.7 மில்லிமீட்டர், இதில் 200 விழுக்காட்டில் 3.1 மில்லிமீட்டர்தான். கூர்மை கூடியதால் இளையவர்களுக்கு இது உறைக்காது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் பழைய அளவு எழுத்து வேண்டும் என்றால் 250 விழுக்காட்டுக்குப் போக வேண்டும். அப்போது கிடைக்கும் இடம் 1152×720. பழைய 1366×768-ஐவிடக் குறைவு!

தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்ப்பவருக்கு இது முக்கியமான விஷயம். எக்செலில் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) போட்டால் நாளுக்கு ஒன்றாக மாதத்துக்கு 31 பத்தி (நெடுவரிசை). ஒரு பத்தி 36 புள்ளி என்றாலும் 1116 ஆகிறது. பெயருக்கு 200 சேர்த்தால் 1316. 200 விழுக்காட்டில் முழு மாதமும் ஒரே பார்வையில் அடங்கும், 250-இல் அடங்காது, பக்கவாட்டில் தள்ளித் தள்ளித்தான் பார்க்க வேண்டும். இவர்களுக்கு 14 அங்குல ஓலெட்டைவிட 16 அங்குலத் திரையே சரி. புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. கடையில் எக்செலைத் திறந்து, உங்களுக்கு வசதியான ஸ்கேலை வைத்து, எத்தனை பத்தி தெரிகிறது என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். நம் ஊர் கடைவீட்டில் முன்பக்கம் முழுக்கத் திறப்பு, அஞ்சடியை (கடைமுன் நடைபாதையை) தாண்டினால் வெயில். உள்ளே கூரையில் வரிசையாக டியூப் விளக்கு. இந்த ஓலெட் திரைகளில் பெரும்பாலானவை பளபளப்பான மேற்பரப்பு கொண்டவை. பூச்சு இல்லாத கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அஞ்சடி நிழலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றால் அந்தச் சட்டையின் ஒளிர்வு 500 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) வரை இருக்கலாம். அதில் 4 விழுக்காடு, அதாவது 20 நிட், உங்கள் திரையின் கறுப்பின் மேல் வந்து உட்காரும். திரையின் உச்ச ஒளிர்வு 400 நிட் என்று வைத்துக்கொண்டால், விளம்பரத்தில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று போட்ட மாறுபாடு (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளிர்வு விகிதம்) அந்த இடத்தில் இருபத்தொன்றுக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும். ஒளிர்வைப் பாதியாக வைத்திருந்தால் பதினொன்றுக்கு ஒன்று. பெட்டியில் எழுதியது பொய்யல்ல. அது இருட்டறைக் கணக்கு.

எனவே சோதனையைக் கடையின் உட்புறத்தில் முடித்துவிடாதீர்கள். பெட்டியை வாசற்பக்கம் திருப்பி வைத்து, வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்து, முதலில் வெள்ளைப் பின்னணியில் ஒரு பக்கமும் பிறகு டார்க் தீமில் ஒரு பக்கமும் படித்துப் பாருங்கள். டார்க் தீமில் எழுத்துக்கு முன்னால் உங்கள் சட்டைப் பொத்தான் தெரியும். வெளிச்சமான இடத்தில்தான் வேலை என்றால் வெள்ளைப் பின்னணியே வையுங்கள், ஆனால் ஓலெட்டில் வெள்ளைப் பக்கம் கூடுதல் மின்சாரம் குடிக்கும். முன்மேசை, வராந்தா, பள்ளித் திண்ணை என்று புழங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது 400 நிட்டுள்ள, பளபளப்பில்லாத 1920×1200 ஐபிஎஸ் (பின்விளக்குள்ள எல்சிடி வகை) திரை. 14 அங்குலத்தில் அங்குலத்துக்கு 162 புள்ளி வரும், தமிழுக்கு அது தாராளமாகப் போதும். அப்படி வாங்கும்போது விவரத்தாளில் '45 விழுக்காடு என்டிஎஸ்சி' (திரை காட்டும் நிறங்களின் பரப்பைச் சொல்லும் அளவு) என்று இருந்தால் தள்ளிவிடுங்கள், அதில் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது நிறவெளி), அது போதும்.

நிறத்தில் ஓலெட்டுக்கு இருக்கும் குறை, அது அளவுக்கு மீறித் தருவதுதான். டிசிஐ-பி3 என்ற அகன்ற நிறவெளியை முழுதாகக் காட்டும் திரையில், நிறமேலாண்மை இல்லாத (படத்தின் நிறத்தைத் திரைக்கேற்பத் திருத்தாத) மென்பொருளில் கல்யாணப் படத்தைத் திறந்தால் கூரைப்புடவைச் சிவப்பு எரியும், மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகும். அதைப் பார்த்துச் சிவப்பைக் குறைத்து அச்சுக்கு அனுப்பினால் ஆல்பம் வெளுத்து வரும், ஏனென்றால் பெரும்பாலான அச்சகங்கள் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி. ஸ்டூடியோ வைத்திருப்பவரும் திருவிழா பேனர் அடிப்பவரும் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் எஸ்ஆர்ஜிபி முறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசுஸ் பெட்டிகளில் மைஅசுஸ் செயலிக்குள் அது இருக்கும். அப்படி ஒரு முறை இல்லாத பெட்டி அச்சு வேலைக்கு வேண்டாம். எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிழலையும் கூட்டிக் காட்டும் பட முறையை) படம் பார்க்கும் நேரம் தவிர அணைத்தே வையுங்கள்.

மினுக்கத்தைச் சோதிக்க உங்கள் கைப்பேசியே போதும். கேமராவில் புரோ முறைக்குப் போய் ஷட்டரை 1/1000-க்கு வைத்து, வெள்ளைத் திரையைப் பாருங்கள். ஒளிர்வை முழுதாக, பாதியாக, ஐந்தில் ஒரு பங்காக மாற்றிக்கொண்டே வாருங்கள். அடர்ந்த கறுப்புப் பட்டைகள் ஓடினால், அந்த ஒளிர்வில் திரை அணைந்து அணைந்து எரிகிறது என்று பொருள். ஓலெட்டில் இது குறைந்த ஒளிர்வில்தான் அதிகம். எல்லோருக்கும் தொந்தரவு தராது, ஆனால் இரவில் விளக்கைக் குறைத்து எஸ்பிஎம் பாடம் படிக்கும் பிள்ளைக்குத் தலைவலி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சில நிறுவனங்களின் செயலியில் மினுக்கமற்ற ஒளிர்வுக் குறைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டு, விண்டோஸ் ஒளிர்வை உயரத்தில் வைத்து, செயலிக்குள் குறைத்துக்கொள்ளலாம். 120 ஹெர்ட்ஸ், பக்கத்தை உருட்டும்போது எழுத்து கலையாமல் ஓடுவதற்கு நல்லது. அதைத் தாண்டி அலுவலக வேலைக்கு அதில் பெரிய விஷயமில்லை.

தொடுதிரைப் பதிப்பு கேட்பவர்கள் வெள்ளைப் பக்கத்தை 30 சென்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். தொடு உணர்வு அடுக்கினால் சில ஓலெட் திரைகளில் மெல்லிய மணல் தூவியதுபோல ஒரு சொரசொரப்பு தெரியும். நுண்ணிய எழுத்துக்காகப் பணம் கொடுத்துவிட்டு அதன் மேல் மணலை ஏற்றிக்கொள்ள வேண்டாம். தொடுதிரை அவசியமில்லை என்றால் இல்லாததையே எடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பழைய சம்பளக் கணக்கு மென்பொருள் இந்தத் திரையில் மங்கலாகவோ எறும்பளவிலோ தெரியும். அதன் ஐகானில் வலது சொடுக்கு, புராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய், ஓவர்ரைடைத் தேர்ந்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு வையுங்கள். முழுதாகத் தெளியாவிட்டாலும் வேலை பார்க்கும் அளவுக்கு வரும். மற்றது பள்ளியின் புரொஜெக்டர். எச்டிஎம்ஐ கம்பியைச் செருகி டூப்ளிகேட் வைத்தால் மடிக்கணினியும் புரொஜெக்டரின் குறைந்த புள்ளிக்கு இறங்கி, திரை கெட்டுவிட்டதோ என்று பயமுறுத்தும். கெடவில்லை. விண்டோஸ் விசையோடு பி அழுத்தி எக்ஸ்டெண்டுக்கு மாற்றினால் இரண்டும் தத்தம் அளவில் நிற்கும்.

பில் போடும் முன் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், அப்புறம் மிக அடர்ந்த சாம்பல் என்று ஆறு வெற்றுப் படங்களை யூஎஸ்பியில் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் முழுத்திரையில் ஓட்டுங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தில் செத்த புள்ளி (எரியாத புள்ளி) மாட்டும். வெள்ளையில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் லேசான பச்சையோ நீலமோ ஏறும், கொஞ்சம் இருப்பது ஓலெட்டின் இயல்பு, ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். ஐபிஎஸ் என்றால் கறுப்புப் படத்தில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். அடர்சாம்பல் படம்தான் ஓலெட்டுக்குக் கடுமையான பரீட்சை. கோடோ திட்டோ இருந்தால் அதில்தான் வெளிவரும், விளக்கை மறைத்துப் பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க ஒரே படம் நிற்கும் பெட்டியில் ஓலெட் புள்ளிகள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்து நிழல் பதியும். டாஸ்க்பாரை மறைந்துகொள்ளும்படி வைப்பது, ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வைப்பது, பிக்சல் ஷிஃப்ட் (படத்தை அவ்வப்போது சிறிது நகர்த்தும் வசதி) இருந்தால் இயக்குவது ஆகிய மூன்றும் செய்தால் சாதாரணப் புழக்கத்தில் கவலையில்லை. பில்லிங் மென்பொருளைக் காலையிலிருந்து இரவுவரை திறந்தே வைக்கும் கடைக்கு ஓலெட் வேண்டவே வேண்டாம். திரையில் நிழல் பதிந்தால் உத்தரவாதம் உண்டா, எத்தனை செத்த புள்ளி இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேட்டு, கிடைத்த பதிலைக் கடைக்காரர் கையாலேயே ரசீதின் பின்பக்கம் எழுதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.