வேர்ட்பிரஸ்ஸோடு பல வருடங்கள்: ஒரு சிறு நிறுவனத் தளத்தின் அனுபவம்

சிறு தொழிலுக்கு வெப்சைட் போட வேண்டும், எந்த சிஎம்எஸ் (தளத்தைக் கட்டி, பக்கங்களை நாமே மாற்ற உதவும் மென்பொருள்) நல்லது என்று யாராவது கேட்டால், தளம் தயாரான பிறகு அதில் யார் கை வைக்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வசதிகளை ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள், தீம்களைப் புரட்டியிருப்பார்கள். வருகிற வருடம் விலைப்பட்டியலை மாற்றப்போவது யார் என்று மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் மோட்டார், பம்ப் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனம். சேவைப் பக்கங்கள், உதிரிபாகப் பட்டியல், விசாரணைப் படிவம், தளத்தில் இவ்வளவுதான். வேர்ட்பிரஸ் 4 வரிசையில் இருந்தபோது தொடங்கினோம், இன்றும் அதில்தான் ஓடுகிறது. நான் சொல்வது, நாமே ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) எடுத்து நிறுவிக்கொள்கிற வேர்ட்பிரஸ்ஸை. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது அதே மென்பொருளைச் சந்தாவாகத் தருகிற சேவை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புபவர்கள் இன்னும் நிறையப் பேர்.

அப்போதே ஜூம்லா, ட்ருபல் என்ற வேறு இரண்டு சிஎம்எஸ்களையும் நிறுவிப் பார்த்தோம். ஜூம்லாவில் பல மொழி வசதி உள்ளேயே வருகிறது. வேர்ட்பிரஸ்ஸில் அதற்கு இன்றைக்கும் தனி ப்ளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) வேண்டும். ட்ருபல் கெட்டியானது, யாருக்கு எந்த அனுமதி என்பதை அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம். ஆனால் 2015-இல் வந்த ட்ருபல் 8 அடியோடு மாற்றி எழுதப்பட்டது. 7-இல் இருந்தவர்களுக்கு அது சாதாரண அப்டேட் இல்லை, தளத்தையே குடிபெயர்க்கிற வேலை. 7-க்கான ஆதரவும் 2025 ஜனவரியோடு முடிந்தது. டெவலப்பரைச் சம்பளத்துக்கு வைத்திருப்பவர்கள் சமாளிப்பார்கள். எங்களிடம் அப்படி ஆள் கிடையாது.

எங்கள் தளத்தில் அன்றாடம் கை வைப்பது கணக்குப் பார்க்கும் அக்கா. அவருக்கு எடிட்டர் அனுமதி மட்டும்: பக்கங்களைத் திருத்தலாம், படம் ஏற்றலாம், ப்ளகின் பக்கமே போக முடியாது. இந்த ஏற்பாடு எத்தனையோ தலைவலியைத் தடுத்திருக்கிறது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து பழைய எடிட்டர் போய், பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்குகிற பிளாக் எடிட்டர் வந்தபோது, "தம்பி, நேற்று வரைக்கும் இருந்த பட்டன் எல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார். பழையதைத் திரும்பத் தரும் கிளாசிக் எடிட்டர் ப்ளகினைப் போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டினோம். அப்புறம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, பட்டியலுக்கான டேபிள் பிளாக்கை மட்டும் அவருக்குக் காட்டினேன். மீதியை அவரே பழகிக்கொண்டார். இப்போது பழையதுக்குத் திரும்பச் சொன்னால் அவர்தான் முதலில் மறுப்பார்.

தமிழில் தளம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, டெமோவில் இது தெரியவே தெரியாது. தலைப்பைத் தமிழில் கொடுத்தால் வேர்ட்பிரஸ் பக்க முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். டேட்டாபேஸில் அந்த முகவரிக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 குறிகள்தான். ஒரு தமிழ் எழுத்துக்குறி அங்கே சதவீதக் குறிகளாக மாறி 9 இடத்தைப் பிடிக்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் கணக்கு. ஆக 22 குறிகளோடு முகவரி நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு சொல்லின் நடுவில். அந்த லிங்க்கை நகலெடுத்து ஒருவருக்கு அனுப்பினால் %E0%AE என்று நீளமாகப் போய் விழும். பார்ப்பவர் வைரஸ் என்று நினைப்பார். அதனால் பக்க முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாகக் கையால் கொடுக்கிறோம். தலைப்பு தமிழிலேயே இருக்கிறது.

எங்களை அதிகம் அலைக்கழித்தது விசாரணைப் படிவம். படிவத்தை நிரப்பியவருக்கு 'அனுப்பப்பட்டது' என்று காட்டும், எங்கள் மின்னஞ்சலுக்கு ஒன்றும் வராது. காரணம் எளிது. படிவ ப்ளகின், வாடிக்கையாளரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு எங்கள் சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்குகிற மின்னஞ்சல் சேவையின் கண்ணுக்கு அது போலிக் கடிதம். ஸ்பேமில் தள்ளும், அல்லது வாசலிலேயே திருப்பிவிடும். அனுப்புநராக நம் டொமைன் (தளத்தின் பெயர்) கொண்ட முகவரி, பதில் போகும் முகவரியாக வாடிக்கையாளருடையது, நடுவில், மின்னஞ்சல் கணக்கில் முறைப்படி நுழைந்து அனுப்புகிற ஒரு எஸ்எம்டிபி ப்ளகின் என்று மாற்றியதும் சரியானது. வந்த தகவலை டேட்டாபேஸிலும் சேமிக்கிற படிவ ப்ளகினாகப் பார்த்து எடுங்கள். மின்னஞ்சல் தவறினாலும் விசாரணை தவறாது.

ப்ளகின் விஷயத்தில் நான் கஞ்சன். ஒவ்வொன்றும் வேறு யாரோ எழுதி, வேறு யாரோ பராமரிப்பது. அவர் கைவிட்டால் நம் தளத்துக்குள் பழைய நிரல் கிடக்கும். எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியை 8-ஆம் பதிப்புக்கு மாற்றிய அன்று தளம் படுத்துவிட்டது. 2019-இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து, இப்படி நடந்தால் எந்த ப்ளகின் காரணம் என்று சொல்லி, உள்ளே நுழைய ஒரு லிங்க்கோடு நிர்வாகிக்கு மின்னஞ்சல் போகும். அருமையான வசதிதான், ஆனால் எங்கள் செட்டிங்ஸில் நிர்வாகி முகவரியாக இருந்தது முதலில் தளம் கட்டிக்கொடுத்தவருடையது! பொது அமைப்புகள் பக்கத்தில் அந்த முகவரி யாருடையது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

பேஜ் பில்டர் (பக்கம் வடிவமைக்கும் ப்ளகின்) பற்றியும் ஒரு வார்த்தை. இழுத்து வைத்தால் பக்கம் அழகாக வந்துவிடும், உண்மை. நாங்கள் வைத்திருந்ததை நிறுத்தியபோது பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளுக்குள் குறியீடுகள்தான் மிஞ்சின. ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தோம். வேர்ட்பிரஸ்ஸை எப்போது வேண்டுமானாலும் வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றலாம் என்கிற சுதந்திரத்தை இந்த மாதிரிச் சேர்க்கைகள் பாதி தின்றுவிடுகின்றன.

இவ்வளவு வேலையா என்று தோன்றினால் விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் மாதிரி சந்தா சேவைகளுக்குப் போவதில் தப்பே இல்லை. அப்டேட், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொழிலை ஒற்றை ஆளாக நடத்துபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். வெளியேறும் வழியை மட்டும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்கில் ஓட்ட முடியாது என்று அந்த நிறுவனமே உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. ஸ்கொயர்ஸ்பேஸ் சில வகைப் பக்கங்களை மட்டும் வேர்ட்பிரஸ்ஸுக்கு ஏற்ற கோப்பாகத் தரும். பொருள் விற்பதே முக்கியம் என்றால் ஆன்லைன் கடைக்கான சந்தா சேவையான ஷாப்பிஃபை பக்கம் போகலாம். வேர்ட்பிரஸ்ஸின் கடை ப்ளகினான வூகாமர்ஸை நாமே பராமரிப்பது தனி உத்தியோகம்.

எதை எடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலாக அதே டொமைனின் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே நின்றுவிடும், பாஸ்வேர்டை மீட்கும் லிங்க் போய்ச்சேர இடம் இருக்காது.