ஞாயிறு விடுமுறை, ஜெபக் கூட்டம், போதகர்: எது வேலையிடத்துக்கு ஒத்துவரும்?

மத நம்பிக்கையை முன்வைத்து நடக்கும் நிறுவனங்கள் எல்லாமே ஒரே மாதிரி என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் நான்கை எடுத்துப் பார்த்தாலே அப்படியில்லை என்று தெரிந்துவிடும். நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்த மதத்தில் இல்லாத ஊழியர் அங்கே நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா?

சிக்-ஃபில்-ஏ உணவகங்களுக்கு ஞாயிறு விடுமுறை. நிறுவனர் ட்ரூயெட் கேத்தி 1946-இல் முதல் கடை திறந்ததிலிருந்தே இருக்கும் வழக்கம் இது. காரணம் மதம்தான், ஆனால் ஓய்வு எல்லோருக்கும். வாடிக்கையாளர் நன்றி சொன்னால் ‘மை ப்ளெஷர்’ என்று பதில் சொல்லப் பழக்குகிறார்கள். இதைக் கற்றுக்கொள்ள எந்த மதத்திலும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கேயும் ஒரு நெருடல் உண்டு. பயிற்சியின்போது நடந்த கூட்டு ஜெபத்தில் சேராததால் தன்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள் என்று ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மேலாளர் 2002-இல் வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. பயிற்சி என்றால் வந்துதான் ஆக வேண்டும்; அதற்குள் ஜெபத்தை வைத்தால் ‘விருப்பம் இருந்தால் சேரலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம்?

கைவினைப் பொருட்கள் விற்கும் ஹாபி லாபி கடைகளுக்கும் ஞாயிறு லீவுதான். 2022-இல் முழுநேர ஊழியரின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18.50 டாலராக உயர்த்தினார்கள். சம்பளத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஊழியர் காப்பீட்டில் நான்கு வகைக் கருத்தடை முறைகளைச் சேர்க்க மறுத்து, 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற கணக்கில் வென்றவர்களும் இவர்களே. முதலாளியின் நம்பிக்கை ஊழியரின் மருத்துவச் செலவு வரை போய்விட்டது. ஞாயிறு விடுமுறையோடு இதை ஒன்றாகப் பேச முடியாது.

மோசமான வழி டவுன்லி என்ற சுரங்கக் கருவி நிறுவனத்துடையது. வாராந்திர ஜெபக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தே தீர வேண்டியிருந்தது. நாத்திகரான ஊழியர் ஒருவர் ஆட்சேபித்தபோது, அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், தூங்கக்கூடச் செய்யலாம், ஆனால் வந்தாக வேண்டும் என்றார்கள்! 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆட்சேபிப்பவருக்கு விலக்கு தர வேண்டும் என்றது.

டைசன் ஃபுட்ஸ் இறைச்சி ஆலைகளில் 2000 முதல் போதகர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் சாவு, கடன், குடிப்பழக்கம் என்று எதுவானாலும் ஊழியரே போய்ப் பேசலாம். போதகர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம்தான் என்பதால், சொன்னது மேலிடத்துக்குப் போகுமோ என்ற பயம் சிலருக்கு இருக்கலாம். சரி, அது நியாயமான பயம்தான். இருந்தாலும் இந்த நான்கில் எனக்குப் பிடித்தது இதுதான். தேவைப்பட்டவர் தேடிப் போகிறார், மற்றவர் தன் வேலையைப் பார்க்கிறார்.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் சேருவதாக இருந்தால், பயிற்சி நாளில் ஜெபம் உண்டா, வெளியே நின்றுகொள்ளலாமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள்.