காரின் கடகடச் சத்தம்: ஓட்டிக் கேட்பதா, நிறுத்தித் தட்டுவதா?

காருக்குள் எங்கிருந்தோ வரும் கடகடச் சத்தத்தைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு: ஒருவர் ஓட்ட மற்றொருவர் இடம் மாறி அமர்ந்து காது கொடுப்பது ஒன்று, வண்டியை நிறுத்திக் கையால் தட்டியும் ஆட்டியும் பார்ப்பது மற்றொன்று. எதைச் செய்வதானாலும் கதவுப் பைகளையும் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் முதலில் காலிசெய்துவிட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தால், சத்தம் எப்போது பிறக்கிறது என்பது தெரியும். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கின் (வளைவில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டு) மூட்டு தேய்ந்திருக்கக்கூடும். வழவழப்பான சாலையிலும் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் தகரம் அதிர்வதுபோல் ஒலித்தால், சைலன்சர் குழாயை ஒட்டியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் காது ஏமாறும்; டாஷ்போர்டு ஒலியைக் கடத்துவதால், முன்கண்ணாடி ஓரத்துக் கிளிப்பின் சத்தம் நடுவிலிருந்து வருவதாகவே தோன்றும்.

நிறுத்தித் தட்டுவது இடத்தைக் காட்டும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே மறு கையால் அழுத்தி வரும்போது, எந்த இடத்தில் ஒலி சட்டென்று அடங்குகிறதோ அந்த விளிம்பில் ஃபெல்ட் டேப் (மெத்தென்ற துணி ஒட்டுநாடா) ஒட்டினால் பெரும்பாலும் போதும். சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனுக்கோ இம்முறை அவ்வளவாக உதவாது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் லிங்க் விறைத்து நின்று ஆட்டத்தை மறைத்துவிடும்.

ஆகவே நான் முதலில் ஓட்டிக் கேட்பதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஓட்டுபவர் ஒருபோதும் தேடக் கூடாது.