கோவை மருத்துவமனை ஒன்றில் சேப்ளின் களப்பயிற்சி: ஒரு மதிப்புரை

கோவையில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் பெரிய மருத்துவமனையில், நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மிகத் துணையாக நிற்கும் சேப்ளின் பணிக்கான களப்பயிற்சியை முழுநேரமாக முடித்திருக்கிறேன். அங்கே சேர எண்ணும் ஆயர்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் உதவும் என்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நோயாளியிடம் நாம் பேசியதை அனுபவமுள்ள ஒருவர் நம்மோடு உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆராய்கிறார் என்பதை வைத்தே இத்தகைய பயிற்சியை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவுகோலில் இந்த இடம் தொடக்க வாரங்களில் மிகச் சிறப்பாக இருந்தது, பிற்பகுதியில் தளர்ந்துவிட்டது.

இந்தப் பயிற்சிமுறை 1925-இல் அமெரிக்காவின் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் தொடங்கியது. தாமே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவரான ஆன்டன் பாய்சன், இறையியல் மாணவர்களை நோயாளிகள் நடுவே அழைத்து வந்து, உயிருள்ள மனிதர்களையே ஏடுகளாகக் கொண்டு கற்கச் சொன்னார். மருத்துவர் ரிச்சர்டு காபட் அதற்குத் துணை நின்றார். இன்று சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்று சுருக்கமாக அழைக்கப்படும் இப்பயிற்சியின் ஓர் அலகு, அதாவது ஒரு கட்டம், 1967-இல் இப்பயிற்சிக்கென உருவான அமெரிக்கச் சங்கத்தின் அளவுப்படி குறைந்தது 400 மணி நேரம்; அதில் குறைந்தது 100 மணி நேரம் குழுவாகவும் தனியாகவும் வழிகாட்டியுடன் அமர்ந்து கற்பதற்கு உரியது. முழுநேரமாகச் செய்தால் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் பிடிக்கும். அந்நாட்டில் சான்றிதழ் பெற்ற சேப்ளின் ஆவதற்கு இப்படி நான்கு அலகுகள் தேவை. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சேப்ளின் துறை இப்பயிற்சியை அளித்து வருவதைப் பலர் அறிவர். கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு வேலூர் தொலைவு; குடும்பத்தையும் சபைப் பொறுப்பையும் விட்டு வர இயலாதவர்களுக்குக் கோவையிலேயே ஓர் இடம் கிடைத்தது பெரிய உதவி.

பயிற்சியின் உயிர்நாடி 'வெர்பேட்டிம்' எனப்படும் உரையாடல் பதிவு. 1930-களில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேப்ளினாக இருந்த ரசல் டிக்ஸ் இதைப் பரவலாக்கினார். வார்டிலிருந்து திரும்பியதும், நோயாளி சொன்னது, நாம் சொன்னது, இடையில் நின்ற மௌனம், நம் மனத்தில் எழுந்தது ஆகிய யாவற்றையும் நினைவிலிருந்து வரிவரியாக எழுத வேண்டும். பெயரும் படுக்கை எண்ணும் இடம்பெறக் கூடாது. மறுநாள் குழுவில் அதை வாசிக்க வேண்டும்.

என்னோடு பயிற்சி பெற்ற சக பயிற்சியாளர் ஒருவரின் பதிவை, அவருடைய இசைவோடு, இங்கே சொல்கிறேன். புற்றுநோய் வார்டில் இருந்த ஒரு மூதாட்டி, "இனி என்னத்துக்குங்க சாமி மருந்து, பேரன் கல்யாணத்தைக் கண்ணுல பார்த்துட்டாப் போதுமுங்க" என்றிருக்கிறார். நண்பர் உடனே, "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று பதில் சொல்லி, ஜெபித்துவிட்டு வந்திருக்கிறார். வழிகாட்டி அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, எல்லாம் சரியாயிரும்ங்கிற வார்த்தை அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டதா, உங்களுக்கா?" என்று கேட்டார். சாவைப் பற்றிப் பேச முன்வந்த ஒருவரை நாம் எவ்வளவு மரியாதையாகப் பேசவிடாமல் செய்துவிடுகிறோம் என்பது அப்போதுதான் குழுவில் இருந்த அனைவருக்கும் விளங்கியது. பேரனைப் பற்றிக் கேட்டிருக்கலாம். கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கலாம். அதைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கிறதா என்று மெல்லக் கேட்டிருக்கலாம். வேறு எந்த வகுப்பறையும் இந்தக் கண்டிப்பான அன்பை எனக்குக் கொடுத்ததில்லை. இந்த ஒன்றுக்காகவே கட்டணம் தகும்.

அடுத்த பெரிய நிறை, வார்டின் தன்மை. வால்பாறைத் தோட்டத் தொழிலாளர், நீலகிரியிலிருந்து இறங்கி வரும் படுகர், வாளையாறு தாண்டி வரும் பாலக்காட்டுக்காரர், தென்னையிலிருந்து விழுந்த பொள்ளாச்சிக்காரர், சோமனூர் விசைத்தறித் தொழிலாளி, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் இளைஞர் என எல்லோரும் ஒரே தளத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். மதப் பிரசாரம் செய்வதில்லை என்று முதல் நாளே எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதை ஏட்டளவில் விட்டுவிடாமல் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். நோயாளியின் ஆன்மிக, பண்பாட்டுத் தேவைகளை மதிக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரவிதிகள் கூறுவதை இங்கே சுவரில் மாட்டிய வாசகமாக மட்டும் நான் காணவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டில் கம்பியில் கட்டியிருந்ததை, தொற்றுத் தடுப்பு விதிப்படி அகற்ற வேண்டும் என்று செவிலியர் ஒருவர் சொன்னபோது, பயிற்சியாளரான அருட்சகோதரி ஒருவர் இரு தரப்பிடமும் பேசி, அதைச் சுத்தமான உறையிலிட்டு நோயாளியின் கண்ணில் படும் இடத்தில் வைக்க ஏற்பாடு செய்தார். அன்று மாலை வழிகாட்டி அதைப் பாராட்டிய விதம், இவ்வேலை எதற்காக என்பதை எங்களுக்குத் தெளிவாக்கியது.

இங்கே நான் கற்றவற்றுள் மிகக் கடினமானது, நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் முடிவின்போது உடனிருப்பது. உயிர் சொந்த வீட்டில் பிரிய வேண்டும் என்பது நம் பக்கத்துக் குடும்பங்களில் ஆழ்ந்த விருப்பம். மருத்துவர் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றதும், பங்காளிகளும் மாமன் மச்சான்களும் வராந்தாவில் கூடிவிடுவார்கள். வென்டிலேட்டரை எடுக்கச் சொல்வது நாமே உயிரை எடுப்பதாகுமோ என்று மூத்த மகன் தவிப்பார். அப்பாரு தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பேத்தி அழுவாள். இந்த நேரத்தில் சேப்ளின் முடிவெடுப்பவர் அல்லர். யாருடைய குரல் கேட்கப்படாமல் போகிறது என்று கவனிப்பவர். பெரும்பாலும் அது மனைவியின் குரலாகவே இருக்கிறது. அவரைத் தனியே உட்காரவைத்து, அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டு, அவருடைய இசைவோடு அதை மருத்துவரிடம் சேர்க்கப் பயிற்றுவித்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பும்வரை உடன் நிற்க வேண்டும் என்பதும் விதி.

உறுப்புதானம் பற்றிய கட்டுப்பாடும் பாராட்டத் தக்கது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புதானத் திட்டம் 2008 முதல் நடந்து வருகிறது. சாலை விபத்துகள் மிகுந்த இப்பகுதியில் அத்தகைய சூழல் அடிக்கடி எழுகிறது. ஆறுதல் சொல்பவரே ஒப்புதலும் கேட்கக் கூடாது, அது ஒருங்கிணைப்பாளரின் வேலை என்பதில் வழிகாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரிடம் ஏன் செய்தாய் என்று விசாரணைபோல் கேட்கக் கூடாது என்பதையும், அவர் மீண்டும் அந்த எண்ணத்தை வெளியிட்டால் இரகசியம் காப்பதாக வாக்களிக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் தெளிவாகக் கற்பித்தார்கள். அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுவதை, வழக்குக்கு அஞ்சி ஒளிந்து பேசும் குடும்பங்களிடம் எடுத்துச் சொல்ல இந்தப் பாடம் உதவியது.

இனி குறைகள். பாதிப் பயிற்சி கடந்ததும் வழிகாட்டிக்கு நிர்வாக வேலைகள் கூடின. வாரந்தோறும் கிடைத்த தனிச் சந்திப்பு, பிறகு இருவர் மூவரைச் சேர்த்து வைத்து நடத்தும் சந்திப்பாகச் சுருங்கியது. குழந்தையின் இறப்பைக் கண்ட ஒரு பயிற்சியாளர், தன் கலக்கத்தைப் பேச நேரம் கிடைக்காமல் அடுத்த வார்டுக்கு அனுப்பப்பட்டார். இதை நான் சிறு குறையாகக் கருத முடியாது. துயரத்தைத் தாங்கக் கற்பவரையே துயரத்தோடு தனியே விடுவது பயிற்சியின் அடிப்படைக்கே முரண். பயிற்சியாளர் எண்ணிக்கையைக் குறைப்பது அல்லது இன்னொரு வழிகாட்டியை அமர்த்துவது ஒன்றே தீர்வு. மாலை ஜெபக்கூட்டத்தை நீட்டுவது அதற்கு ஈடாகாது.

குடும்பத்தாருடன் பேசத் தனியறை இல்லை. லிஃப்ட் வாசலில், மருந்துக் கடை வரிசைக்குப் பக்கத்தில் நின்று மரணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. சேப்ளின் குறிப்புகளுக்கு நோயாளியின் கோப்பில் இடமில்லை என்பதால், நாங்கள் கேட்டறிந்த முக்கியமான அச்சங்கள் பணிமுறை மாறும்போது அடுத்த செவிலியருக்குப் போய்ச் சேரவில்லை. இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது. அந்த இளைஞர்களின் கட்டிலருகே பெரும்பாலும் துணைக்கு ஒருவரும் இல்லாததால் அவர்களுக்கே நாங்கள் மிகுதியாகத் தேவைப்பட்டோம். இரவுப் பணி பாடத்திட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் விடுதி அறையில் அலைபேசிக்குக் காத்திருப்பதுதான். தங்குமிடமும் உணவும் போதுமானவை.

மருத்துவமனைப் பணியையே தொடர எண்ணுவோருக்கும், சபையில் நோயுற்றோரைச் சந்திக்கும் ஆயர்களுக்கும் இதன் முதல் அலகைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பட்டச் சான்றிதழோடு இன்னொரு தாள் சேர்ந்தால் போதும் என்பவர்கள் அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். இரண்டாம் அலகையும் இங்கேயே செய்ய விரும்புவோர், நேர்முகத்தின்போதே, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயிற்சியாளர், வாரத்துக்குத் தனிச் சந்திப்பு எத்தனை மணி நேரம், இறப்பைக் கண்ட நாளில் யாரிடம் போய்ப் பேசலாம் என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்; தெளிவான பதில் கிடைக்காவிட்டால் வேலூருக்கு விண்ணப்பம் அனுப்புவதே நல்லது.