செர்ன் ஓபன் டேட்டா தளம்: 2 ஜிபி கோப்பில் தொடங்குங்கள்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் புரோட்டான்களை மோதவிடும் எல்.எச்.சி.யில் பதிவான மோதல் தரவுகளை எவரும் இறக்கிக்கொள்ள 2014 நவம்பரில் திறந்த தளம் இது. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணமும் இல்லை. எல்.எச்.சி.யின் கண்டறி கருவிகளுள் ஒன்றான சிஎம்எஸ்ஸின் தரவுகள், உரிமைகளை விட்டுக்கொடுக்கும் சிசி0 உரிமத்தில் இருப்பதால் எதற்கும் பயன்படுத்தலாம். உள்ளே பெட்டாபைட் கணக்கில் குவிந்து கிடக்கிறது, சிக்கலும் அதுதான். எடுத்த எடுப்பில் 2011 முதன்மைத் தரவில் கை வைப்பவர்கள் இயற்பியலை எட்டுவதற்குள் மென்பொருளோடு மல்லுக்கட்டியே ஓய்ந்துவிடுகிறார்கள்.

தளத்திலேயே உருப்படியான பொருள் எது என்றால், 2012 பி, சி ஓட்டங்களின் 'டபுள்மியூபார்க்டு' மியூவான் கோப்பு (மியூவான் என்பது எலக்ட்ரானின் கனத்த உறவுத் துகள்). செர்னின் தரவாய்வு மென்பொருளான ரூட்டின் வடிவில் ஒரே கோப்பு, ஏறக்குறைய 2 ஜிபி, 6.15 கோடி நிகழ்வுகள், 8 டெரா எலக்ட்ரான்வோல்ட் மோதல்கள். ஒவ்வொரு மியூவானுக்கும் குறுக்கு உந்தம், ஈட்டா, ஃபை (பறந்த திசையைச் சொல்லும் இரு அளவுகள்), நிறை, மின்னூட்டம் தரப்பட்டிருக்கின்றன. பைத்தானில் ரூட் கோப்பைப் படிக்கும் அப்ரூட், அதற்குத் துணையான ஆக்வர்டு இரண்டையும் நிறுவினால் போதும். சரியாக இரண்டு மியூவான் உள்ள நிகழ்வுகளை மட்டும் எடுங்கள். அவற்றில் எதிரெதிர் மின்னூட்டம் உள்ளவற்றை வைத்துக்கொண்டு இணையின் நிறையைக் கணக்கிட்டு, 0.25 முதல் 300 ஜிஇவி (நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்) வரை இரு அச்சிலும் மடக்கை அளவில் வரையுங்கள். 0.78-ல் ரோ-ஒமேகா, 1.02-ல் ஃபை மீசான், 3.10-ல் ஜே/சை, 9.46-ல் உப்சிலான், 91.2-ல் இசட் என்று, இரண்டு மியூவானாகச் சிதையும் துகள்களின் முகடுகள் வரிசையாக எழும். ஐம்பதாண்டுத் துகள் இயற்பியல் ஒரே படத்தில் கிடைக்கிறது, அதுவும் முப்பது நாற்பது வரி நிரலில்.

வழுக்கும் இடங்களும் உண்டு. மொத்தக் கோப்பையும் ஒரேயடியாக நினைவகத்தில் ஏற்றினால் 8 ஜிபி மடிக்கணினி திணறி நின்றுவிடும். அப்ரூட்டின் 'இட்டரேட்' வழியே துண்டு துண்டாகப் படியுங்கள். ரூட்டே பயன்படுத்துபவர்கள் ஆர்டேட்டாஃபிரேமில் பல்லிழை வசதியை முடுக்கிவிடுங்கள்.

நிறையைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. ஆற்றல் வர்க்கத்திலிருந்து உந்த வர்க்கத்தைக் கழிப்பது பாடப்புத்தக வழி. கோப்பில் இருப்பவையோ 32 பிட் எண்கள். இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் மிஞ்சுவது துக்கடாதான், ஒட்டிப் பறக்கும் மியூவான் இணைகளில் அது எதிர்மறையாகவே போய் வர்க்கமூலம் எண்ணாக வராது. முதலில் 64 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மியூவான் நிறையைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும் சுருக்கச் சூத்திரம் உப்சிலானுக்கும் இசட்டுக்கும் தாராளம். ஆனால் 0.548 ஜிஇவி ஈட்டா மீசானைத் தேடும்போது 0.1057 ஜிஇவி மியூவான் நிறையை விட்டால் முகடு இடம் மாறிவிடும்.

உப்சிலானை உருப்பெருக்கிப் பாருங்கள், 9.46, 10.02, 10.36 என மூன்று முகடுகள். மூன்றும் தெளிவாகப் பிரிய வேண்டுமென்றால் இரு மியூவான்களின் ஈட்டாவும் −1க்கும் 1க்கும் இடையில் இருக்கட்டும், வரைபடப் பெட்டியின் (பின்) அகலம் 50 எம்இவி, அதாவது 0.05 ஜிஇவி. விளிம்பு மியூவான்களையும் சேர்த்தால் உந்த அளவீடு தளர்ந்து, பின்னிரண்டும் பாதி ஒட்டிக்கொள்ளும். இசட் முகட்டுக்கு வெறும் காஸியன் பொருத்தாதீர்கள். அதற்கே 2.5 ஜிஇவி இயல்பகலம் உண்டு, போதாக்குறைக்கு மியூவான் ஃபோட்டானை உமிழ்ந்து இடப்பக்கம் வால் வேறு நீளும். இயல்பகலத்துக்கான பிரைட்-விக்னர் வளைவையும் அளவீட்டுப் பிழைக்கான காஸியனையும் சுருட்டிக் கலந்து பொருத்துவதே முறை. முகடுகளுக்கு நடுவே தெரியும் அகன்ற மேடுகளைப் புதுத் துகள் என்று எண்ணிவிட வேண்டாம், எந்த மோதலைப் பதிவது என்று உடனுக்குடன் தேர்ந்தெடுக்கும் ட்ரிக்கரின் உந்த வரம்புகள் பெரும்பாலும் செதுக்கிய வடிவங்கள்தான் அவை.

பள்ளி மாணவர்களுக்கென்றால் சிஎஸ்வி கோப்புகளே போதும். லட்சம் நிகழ்வுகள், எக்செலில் திறக்கலாம். கடைசி நெடுவரிசையில் நிறை கணக்கிட்டே தரப்பட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு, நாமே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

2010 முதல் 2012 வரையிலான முதன்மைத் தரவு வேறு ஜாதி; ஏஓடி என்ற விரிவான வடிவில் இருக்கிறது. 2011, 2012 தரவுக்குச் சிஎம்எஸ்ஸின் சொந்த மென்பொருளான சிஎம்எஸ்எஸ்டபிள்யூவின் 5.3.32 பதிப்பும் அதற்கேற்ற பழைய சயன்டிஃபிக் லினக்ஸ் அடங்கிய டாக்கர் கொள்கலனும் வேண்டும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்2 வழியாக ஓட்டினால் கொள்கலன் திறந்தவுடனே செத்து விழலாம். புதிய கெர்னல்களில் பழைய விசிஸ்கால் வசதி அணைந்திருப்பதே காரணம். டபிள்யூஎஸ்எல் அமைப்புக் கோப்பின் கெர்னல் வரியில் விசிஸ்காலை 'எமுலேட்' என்று வைத்து மறுதொடக்கம் செய்தால் சரியாகும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு 2024-ல் வந்த 2016 நானோஏஓடி (சுருக்கிய எளிய வடிவம்) தொகுதி இருக்கிறது: 13 டெரா எலக்ட்ரான்வோல்ட், 16.4 இன்வர்ஸ் ஃபெம்டோபார்ன் (மோதல்களின் மொத்த அளவைச் சொல்லும் அலகு), அதே அப்ரூட்டால் படிக்கலாம். ஆனால் சரிபார்க்கப்பட்ட ஓட்டங்களின் ஜேசான் பட்டியலைக் கொண்டு வடிகட்ட மறந்தால், கருவி பழுதான நேரத்துத் தரவும் கலந்துவிடும்.

செய்தியில் வரும் கண்டுபிடிப்பை இங்கே மறுபடி செய்து பார்க்க நினைத்தால் ஏமாற்றமே. 2025-ல் சிஎம்எஸ் அறிவித்த மிகை, அதாவது டாப், எதிர்டாப் குவார்க் இணை உருவாகத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலருகே எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் கண்ட நிகழ்வுகள், 2016 முதல் 2018 வரையிலான 138 இன்வர்ஸ் ஃபெம்டோபார்னைக் கொண்டது. சிஎம்எஸ் விதிப்படி, எடுத்த தரவில் பாதி ஆறாண்டு கழித்தும் மீதி பத்தாண்டு கழித்தும்தான் பொதுவுக்கு வரும்.