1970 ஷெவெல் எஸ்.எஸ்: மாற்ற வேண்டியது கிரவுன்-பினியனையா, மீட்டரையா?

டெட்ராய்ட் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் 1970 ஷெவெல் எஸ்.எஸ். 396 என்ற பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கிறார். மன்சி எம்20 என்ற நான்கு கியர் பெட்டி. விற்றவர் "பின்னால் 3.73 இருக்கிறது" என்று சொல்லித் தந்த வண்டி. அது பின் அச்சின் விகிதம்: சக்கரம் ஒரு சுற்று சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றும். அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பற்சக்கர ஜோடிதான் அதைத் தீர்மானிக்கிறது. ஒரு நாள் போனில் கூப்பிட்டார். "ஹைவேயில் எஞ்சின் ரொம்பக் கத்துகிறது, 2.73 போட்டுவிடலாமா?"

முதலில் வண்டியில் ஏறிப் பார்த்தேன். ஐ-75இல் நான்காவது கியரில் சீராக ஓட்டினார். போன் ஜி.பி.எஸ். 65 மைல் காட்டியது, ஸ்பீடோமீட்டர் முள் 58இல் நின்றது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் ஆர்.பி.எம். மீட்டர் 3100. மூன்றும் ஒரே வண்டியைப் பற்றித்தான் சொல்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இந்த நிலையில் கிரவுன்-பினியனுக்குப் பணம் கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த விகிதம் நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன்னால், இப்போது வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு எளிய கணக்கு போதும். மணிக்கு எத்தனை மைல் என்பதை அச்சு விகிதத்தால் பெருக்கி, அதை 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் ஆர்.பி.எம். கிடைக்கும். மன்சியின் நான்காவது கியர் நேர் 1:1 என்பதால் வேறு எதையும் சேர்க்க வேண்டாம். (ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டார்க் கன்வெர்ட்டர் கொஞ்சம் வழுக்கும், சில சதவீதம் கூடுதலாக வரும்.) நண்பரின் டயர் 235/60ஆர்15, விட்டம் 26 அங்குலம். 65 மைலில் 3.73க்கு 3133 வர வேண்டும், 3.31க்கு 2780. ஆர்.பி.எம். மீட்டர் 3100 காட்டியதால் விற்றவர் சொன்னது சரி என்றுதான் தோன்றியது.

ஆனாலும் ஜாக்கி போட்டுப் பின்சக்கரம் இரண்டையும் தூக்கினோம். இரண்டு சக்கரத்தையும் பிணைக்கும் பாசிட்ராக்ஷன் அச்சில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு நான் சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றினேன். கீழே படுத்திருந்த நண்பர் ஷாஃப்டை எண்ணினார். 33 சுற்று, அதற்கு மேல் துளி. 3.73 என்றால் 37 தாண்டியிருக்க வேண்டும். ஆக, உள்ளே இருப்பது 43 பல் கிரவுனும் 13 பல் பினியனும் கொண்ட 3.31. இந்த எஞ்சினோடு தொழிற்சாலையில் வழக்கமாக வந்ததும் அதுதான். ஆர்.பி.எம். மீட்டர் 300க்கு மேல் கூட்டிக் காட்டியிருக்கிறது. அதை நம்பி, நல்ல அச்சைக் கழற்ற இருந்தார்!

சரி, இப்போது விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இதே டயரில், 70 மைலில் 2.73க்கு ஏறத்தாழ 2470 ஆர்.பி.எம்., 3.31க்கு 2990, 3.73க்கு 3370, 4.10க்கு 3710.

2.73 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹைவேயில் அமைதி, சிக்னலில் மந்தம். மேலும் இந்த வண்டியின் 12 போல்ட் அச்சில் 2.73க்கு வேறு கேரியர் (கிரவுன் பூட்டப்படும் பாகம்) வேண்டும், 3.31க்கும் 3.73க்கும் ஒரே கேரியர் பொருந்தும், 4.10க்கு மறுபடி வேறு. வெறும் கிரவுன்-பினியன் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

4.10 எதற்காக என்பது கால் மைல் பந்தயத்தில்தான் புரியும். அதே ஆண்டின் எல்.எஸ்.6 எஞ்சின், 454 கன அங்குலம், 450 குதிரைத்திறனை 5600 ஆர்.பி.எம்.மில் தந்தது. பந்தய முடிவுக் கோட்டை 105 மைல் வேகத்தில் கடக்கும் வண்டியில் 4.10 இருந்தால் அந்த நொடியில் எஞ்சின் சுமார் 5560இல் இருக்கும், கிட்டத்தட்ட உச்சத்திலேயே. 3.31 இருந்தால் 4490தான். பாக்கி பலம் பயன்படாமலே போகும். இது ரொம்ப அழகான பொருத்தம். அந்த வண்டியை அப்படி ஓட்டுகிறவருக்கு 4.10 மாதிரி வேறு இல்லை. ஆனால் அதே 4.10இல் ஒரு மணி நேரம் ஹைவேயில் போய்ப் பாருங்கள், இறங்கும்போது காது இரைச்சல் நிற்காது.

3.73 நடுவழி என்று பலர் சொல்வார்கள். சின்ன எஞ்சினுக்கு நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் நண்பரின் 396 எஞ்சினுக்குக் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை நிறைய இருக்கிறது. எம்20இன் முதல் கியர் 2.52; அதை 3.31ஆல் பெருக்கினால் கிளம்பும்போதுள்ள மொத்த விகிதம் 8.34. முதல் கியர் 2.20 உள்ள எம்21 பெட்டியோடு 3.73 போட்டால் 8.21. அதாவது நண்பரின் '3.31' சிக்னலில் அந்த வண்டிக்குச் சளைத்ததல்ல. அச்சை மட்டும் பார்க்காமல் முதல் கியரையும் சேர்த்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பெருக்கினால் இன்னொரு வழியும் தெரியும். முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 உள்ள ட்ரெமெக் டி.கே.எக்ஸ். பெட்டியை இதே 3.31 அச்சோடு போட்டால் கிளம்பும்போது 9.5. எம்21உம் 4.10உம் சேர்ந்த வண்டிக்கே 9.02தான். 70 மைலிலோ எஞ்சின் வெறும் 2040. செலவு அதிகம், வண்டியின் அசல்தன்மையும் போகும். பழைய மன்சியைத் துணி சுற்றிக் காரேஜ் மூலையில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். நிறைய தூரம் ஓட்டுகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதுதான்.

அப்புறம் ஸ்பீடோமீட்டர். அது காட்டும் தவறு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஓடோமீட்டரே போதும். இரண்டையும் ஓட்டுவது ஒரே கேபிள். மைல் எண்ணுவது பற்சக்கரம், அது தவற வழியில்லை. முள்ளை நகர்த்துவது ஒரு காந்தமும் அலுமினியக் கிண்ணமும் மெல்லிய சுருள்வில்லும், வயதானால் தளரும். சாலையோர மைல் கற்களை வைத்துப் பத்து மைல் ஓட்டினோம். ஓடோமீட்டர் 9.0 காட்டியது. முள்ளும் பத்து சதவீதம் குறைவு, ஓடோமீட்டரும் பத்து சதவீதம் குறைவு. அப்படியானால் மீட்டர் நல்லதுதான், கோளாறு கியர் பெட்டியில்.

மன்சியின் வால் பக்கத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் ஸ்பீடோ கியர் உறையோடு வெளியே வரும், கூடவே கொஞ்சம் ஆயிலும். துடைத்து எண்ணினோம், 23 பல். உள்ளே ஷாஃப்டில் இருக்கும் சக்கரத்துக்கு 8 பல். கேபிள் ஒரு மைலுக்கு ஏறத்தாழ 1000 முறை சுற்ற வேண்டும், இந்த டயர் மைலுக்குச் சுமார் 780 சுற்று. 8ஐ 3.31ஆலும் 780ஆலும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 20.6, 21 பல் வேண்டும். 23 என்பது 3.73க்கான கணக்கு! எப்போதோ இந்த வண்டியில் 3.73 இருந்திருக்க வேண்டும், யாரோ 3.31க்குத் திரும்பியிருக்கிறார், இந்தச் சிறு சக்கரத்தை மட்டும் மாற்றவில்லை. விற்றவர் தெரிந்தே பொய் சொல்லவில்லை என்று நண்பருக்கு மனம் ஆறியது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி. சிறு சக்கரத்தை மாற்றுவது மலிவு, அசல் மீட்டர் அப்படியே இருக்கும். 4.10 போட்டவருக்கு அதே கணக்கு 25.6 தரும், அதற்குச் சக்கரம் கிடைப்பது கஷ்டம். கேபிள் நடுவே பொருத்தும் விகிதப் பெட்டி அவருக்கு உதவும். ஜி.பி.எஸ். ஸ்பீடோமீட்டருக்கு டயரும் அச்சும் எதுவானாலும் கவலையில்லை. ஆனால் வண்டி எடுத்ததும் செயற்கைக்கோள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், சுரங்கப்பாதையில் தடுமாறும். 1970 டேஷ்போர்டில் அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வராது.

ஆர்.பி.எம். மீட்டருக்கு, முகப்பையும் முள்ளையும் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பழைய சர்க்யூட்டை மட்டும் புதிதாக்குவதே மேல். பெட்ரோல் முள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஷெவெலைச் செய்த ஜி.எம். நிறுவனத்தின் டேங்கில், அளவு காட்டும் உணரியின் மின்தடை காலி என்றால் 0 ஓம், நிறைவு என்றால் 90. டேங்கின் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் தடை கூடி, முள் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். பாதி இருக்கிறது என்று நம்பி நடுவழியில் நிற்க நேரும். அந்த ஒரு கம்பியைச் சுரண்டிப் பொருத்துவது பத்து நிமிட வேலை.

21 பல் சக்கரம் போட்ட மாலை மறுபடி ஐ-75. போனில் 65, முள் 64. 2.73 பேச்சை நண்பர் விட்டுவிட்டார். ஆர்.பி.எம். மீட்டரைக் கழற்றிச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார். டேஷ்போர்டில் அது இருந்த வட்டம் இப்போது வெறும் ஓட்டை. எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் கியர் மாற்றுகிறார்.